உள்கம்பி, வெளிக்கம்பி

போர்வையில்தான் அது முதலில் ஆரம்பித்தது.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். இருவருக்கும் வலது கால். இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. ஆபரேஷன் செய்ததும் ஒரே டாக்டரம்மாதான். ஆனால் ஒருவர் மேல் போர்த்திய போர்வை காலோடு காலாகப் படிந்து கிடந்தது. இன்னொருவர் மேல் போர்த்தியது கூடாரம் அடித்த மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

கூடாரத்துக்குப் பக்கத்தில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். படிந்த போர்வைக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை, சின்னவள். அக்கா தங்கை இருவரையும் ஒரே சாரக்கோஷ்டியில் வேலை பார்த்த இரண்டு பேருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாயை நிறுத்தி, கிளாம்பு போட்டு இறுக்கி, மேலே பலகை விரிக்கிற வேலை. பெரியவளின் புருஷன் ஒற்றைக் குழாயின் மேல் சத்தமில்லாமல் நடப்பார் என்பதால் வேலையிடத்தில் அவருக்குப் பூனை என்று பெயர். சின்னவளின் புருஷன் உயரம். அவன் நெட்டை. வீட்டிலும் அந்தப் பெயர்களே ஒட்டிக்கொண்டன.

பெரியவள் போர்வையை இழுத்து இழுத்துவிட்டுப் பார்த்தாள். அது படியவில்லை. இழுத்தால் ஏதாவது ஒரு மூலையில் இரும்பு எட்டிப் பார்த்தது. பூனையின் காலில், எலும்புக்குள் இறங்கிய நான்கு ஆணிகள் தோலுக்கு வெளியே விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு நீளக் கம்பி. கம்பியும் ஆணியும் சேரும் இடங்களில் சின்னச் சின்னக் கிளாம்புகள், நட்டுகள்.

"விடு, ஏன் அதோட மல்லுக்கட்டற?" என்றார் பூனை. "காத்து வரட்டும்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. ஒரு பலகை போட்டா மேல ஏறி நின்னு வெள்ளையடிக்கலாம். நானே கட்டியிருந்தாலும் இவ்வளவு நேரா கட்டியிருக்க மாட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் நெட்டை சிரித்தான். சிரித்ததும் வலித்தது போல, "ஸ்ஸ்" என்றான். சின்னவள் அவன் தோளைத் தட்டினாள். "சிரிக்காதீங்கன்னா கேக்கறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவளும் சிரித்தாள்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பக்கத்தில் மட்டும் இரும்பு எட்டிப் பார்ப்பதே அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

விபத்து நடந்த கதையை இருவர் வாயிலும் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ராத்திரியெல்லாம் மழை. காலையில் குழாய் ஏற்றிய லாரி வேலையிடத்துக்கு வந்தது. பின்கதவுக்கு இந்தப் பக்கம் பூனை, அந்தப் பக்கம் நெட்டை. குழாய்களின் கட்டை அவிழ்க்கும்போது நனைந்த கயிறு அறுந்தது. நெட்டை பக்கவாட்டில் குதித்தான். ஒரு குழாய் அவன் காலை லாரி டயரோடு சேர்த்து அடித்தது. எலும்பு முறிந்து, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. பூனை பின்னால் குதித்தார். பின்னால் அஸ்திவாரக் குழி. குழியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. குழாய் அவரைத் தொடர்ந்து வந்து இறங்கியது. தூக்கும்போது காலில் சதை எது, சேறு எது என்று தெரியவில்லையாம்.

"பூனைன்னு பேரு வெச்சீங்களே, நாலு கால்ல விழுந்தேனா பாரு," என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

டாக்டரம்மா சுற்று வந்தபோது பெரியவள் எழுந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று தொண்டை வரை வந்த கேள்வியை இரண்டு தடவை விழுங்கிவிட்டு, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அவருக்கு உள்ள போட்டிருக்கீங்க. இவருக்கு மட்டும் ஏன் டாக்டர் வெளிய?"

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை போலிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் பேனாவை எடுத்துக் காட்டினார்.

"இந்தப் பேனாவுக்குள்ள ரீஃபில் போற மாதிரி, முட்டிகிட்ட இருந்து எலும்போட நடுத்துளைக்குள்ள கம்பி இறங்கும்மா. அவருக்குச் சின்னக் காயம், சுத்தமான காயம். அதனால இறக்கிட்டேன். உங்க வீட்டுக்காரருக்குச் சேறு. எவ்வளவு கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கும். அந்த நிலைமையில உள்ள கம்பிய விட்டா, அழுக்கையும் எலும்போட நீளத்துக்கும் நானே தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும். இது காயத்தை விட்டுத் தள்ளி மேலயும் கீழயும் பிடிச்சிருக்கு. காயம் திறந்தே இருக்கு. தினம் பாக்கலாம், கழுவலாம்."

"அப்ப எது ஒசத்தி?"

"ஒசத்தி தாழ்த்தி இல்லம்மா. காலுக்கு ஏத்தது."

"ஆனா அவர்தானே முதல்ல நடப்பாரு?"

டாக்டரம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தார். பொய் சொல்ல மனமில்லாதவர். "ஆமா. உள்கம்பிக்காரர் சீக்கிரம் கால் ஊணுவார். வெளிக்கம்பியில எலும்பு கொஞ்சம் கோணலா சேரலாம், ஆணித் துளையில சீழ் பிடிக்கலாம். அதனாலதான் சொல்றேன், கேளுங்க. சதை மூடி, துளை நாலும் சுத்தமா இருந்தா, சீக்கிரமே இதை எடுத்துட்டு நானே உள்ள போட்டுவிடறேன். சீழ் வந்துட்டா முடியாது. அப்புறம் எலும்பு சேர்ற வரைக்கும் இதுதான். மாசக்கணக்கு ஆகும்."

"சுத்தமா வெச்சுக்கறேன் டாக்டர்."

"கொதிக்கவெச்சு ஆறின உப்புத்தண்ணி. ஒரு துளைக்கு ஒரு துணி. ஒண்ணுல தொட்டதை இன்னொண்ணுல தொடக்கூடாது. கைய சோப்பு போட்டுக் கழுவணும். வேற எதையும் தடவக்கூடாது. மஞ்சளா, எண்ணெயா, பக்கத்து வீட்டம்மா சொன்ன மருந்தா, எதுவும் வேண்டாம்."

இவ்வளவிலும் பெரியவளின் காதில் ஆழமாக இறங்கியது ஒன்றுதான். நானே உள்ள போட்டுவிடறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மழை விடவில்லை. அவர்கள் வீடு ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துப் பூனையைப் படுக்கவைத்தாள். சுவரில் ஈரம் ஏறியிருந்தது. துவைத்த துணி காயாமல் அறைக்குள் குறுக்கே தொங்கியது. காலையில் எழுந்ததும் தண்ணீர் கொதிக்க வைப்பாள். அது ஆறுவதற்குள் கஞ்சி காய்ச்சி, முட்டை அவித்து வைப்பாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, ஒவ்வொரு துளையாகத் துடைப்பாள். ஆணியைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கை ஊறவைத்து, நோகாமல் எடுப்பாள். லாட்ஜ்களின் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு. வெள்ளைத் துணியில் ஒரு புள்ளிக் கறையைக்கூட விடாத கண். அந்தக் கண்ணோடு துளைகளைப் பார்ப்பாள்.

"நல்லா இருக்கு. சிவக்கல," என்பாள்.

"நீ துடைக்கிறதப் பாத்தா காலே தேஞ்சிடும் போல."

"தேஞ்சா தேயட்டும். உள்ள போடட்டும்."

"அது என்ன, உள்ள போடறதுன்னா உனக்கு அவ்வளவு ஆசை? எனக்கு இதுவே பழகிடுச்சு."

"உங்களுக்குப் பழகும். எனக்குப் பழகாது."

சாயங்காலங்களில் நெட்டையும் சின்னவளும் வருவார்கள். அடுத்த தெருவில்தான் வீடு. நெட்டை இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிக்கொண்டு, அடிபட்ட காலை லேசாகத் தரையில் வைத்து வைத்து வருவான். கூட வரும் சின்னவளின் கையில் மூடி போட்ட தூக்குச்சட்டியில் எலும்புச் சூப்பு இருக்கும். அவள் ரொட்டிக்கடையில் மாவு பிசைபவள். பேச்சும் அப்படியே, கை ஓயாமல் பிசைகிற மாதிரி.

"அக்கா, சூடு ஆறதுக்குள்ள மாமாவுக்கு ஊத்திக் குடு. கறிக்கடைக்காரர்கிட்ட கெஞ்சி வாங்கினது. 'ரெண்டு பேருக்குக் கால் ஒடிஞ்சதுக்கு என் கடை மாடெல்லாம் நொண்டியாயிடும் போல'ன்னு சொல்றாரு."

பூனை சிரித்துக்கொண்டே நெட்டையின் காலைப் பார்ப்பார். கணுக்கால் பக்கம் இரண்டு சின்னத் தையல் தழும்பு, முட்டிக்குக் கீழே ஒன்று. அவ்வளவுதான்.

"உனக்கென்ன சகலை, பூட்டின வீடு. எனக்குத்தான் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வாசல்ல கிடக்கு."

"போங்கண்ணே. பூட்டின வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியல. உங்களுக்காவது கண்ணுக்குத் தெரியுது. நட்டு இறுக்கமா இருக்கா, லூசா இருக்கான்னு பாத்துக்கலாம்."

"அதச் சொல்லு. கிளாம்ப நம்பலாம், கண்ணுக்குத் தெரியாதத எப்படி நம்பறது?"

இருவருக்கும் இடையில் பொறாமை ஒன்றுமில்லை. அடிபட்டவர்கள் சேர்ந்து அடிபட்டார்கள், அதோடு முடிந்தது. எரிந்ததெல்லாம் பெரியவளின் வயிறு. சூப்புச் சட்டியைத் திறக்கும்போது பெரிய எலும்பைத் தங்கை தன் வீட்டில் வைத்துக்கொண்டு வந்திருப்பாளோ என்று பார்ப்பாள். நெட்டை போகும்போது, நேற்றைவிட இன்று எவ்வளவு பாரத்தைக் காலில் போடுகிறான் என்று வாசல் வரை போய்ப் பார்ப்பாள். சின்ன வயதில் ஒரே துணியில் இருவருக்கும் ஒரே மாதிரி கவுன் தைத்துக் கொடுப்பார்கள். அப்போதும் தங்கை போட்டிருப்பதில்தான் பூ அதிகமாக இருக்கிற மாதிரி அவளுக்குத் தெரியும். இது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

சலவைக்கூடத்தில் பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள் நீராவிக்கு நடுவிலிருந்து கத்திச் சொன்னாள்.

"உன் தங்கச்சி வீட்டுக்காரர் ரொட்டிக்கடை வரைக்கும் நடந்து வந்தாராமே! ஒத்தக் கட்டைதானாம் இப்போ!"

"தெரியும்," என்றாள் பெரியவள். தெரியாது. அன்று இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்று, விரிப்பின் ஓரம் பழுப்பேறியது.

"எங்க வீட்டுக்காரருக்கும் மாத்தப் போறாங்க. டாக்டரே சொல்லிட்டாங்க," என்றாள், யாரும் கேட்காமலே.

டாக்டரம்மா வரச்சொன்ன நாள் நெருங்கியது. அதற்கு முந்தின வாரத்தில் ஒரு நாள், சலவைக்கூடத்தில் விரிப்புகள் மலையாகக் குவிந்து, விடியுமுன்பே வரச்சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அன்றைக்குத் துளைகளைத் துடைத்துவிடும்படி தங்கையிடம் சொன்னாள்.

"ஒரு துளைக்கு ஒரு துணி. மறந்துடாத."

"தெரியும்கா."

"கைய நல்லாக் கழுவு. உன் நகத்துல எப்பவும் மாவு இருக்கும்."

"கழுவறேன்கா. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

இரண்டு நாள் கழித்து, கீழேயிருந்த ஆணியைச் சுற்றிச் சிவந்திருந்தது. மறுநாள் மேலேயும். பெரியவள் துணியை வைத்து லேசாக அழுத்தினாள். மஞ்சளாக ஒரு சொட்டு வந்தது. சோப்பு வாசனை இருக்கிறதா என்று தன் கையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு இன்னொரு துணியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏதாவது தடவினீங்களா?"

"இல்ல டாக்டர், சத்தியமா இல்ல," என்றாள் பெரியவள்.

"நீங்க?"

"புண்ணுமேல ஒண்ணும் தடவல," என்றார் பூனை.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "மருந்து தர்றேன். இது அடங்கிடும். காயம் நல்லா மூடிட்டு வருது, எலும்புக்கும் ஆபத்தில்ல. ஆனா இனிமே உள்ள கம்பி போட முடியாதும்மா. இந்தத் துளையில இருக்கிற கிருமி உள்ள போயிடும். இதோடயே எலும்ப சேரவிடுவோம்."

"சீழ் நின்னதுக்கப்புறம்?"

"நின்னாலும் நான் போட மாட்டேன். காலே போயிடற ஆபத்து இருக்கு. உங்களுக்குக் கம்பி வேணுமா, கால் வேணுமா?"

வெளியே நீள வராந்தாவில் சின்னவள் பெஞ்சில் காத்திருந்தாள். பக்கத்தில் நெட்டை, ஒற்றைக் கட்டையோடு. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க? என்னைக்கு மாத்தறாங்களாம்?"

"மாத்த மாட்டாங்களாம்."

"ஐயோ, ஏன்?"

"ஏன்னு என்னைக் கேக்கறியா? இத்தனை நாள் நான் துடைச்சப்ப வராத சீழ், நீ ஒரு நாள் கை வெச்சதும் எப்படிடி வந்துச்சு?"

சின்னவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, நான் கழுவிட்டுத்தான்..."

"கழுவின! மாவும் கையுமா வந்து தொட்டிருப்ப. உனக்கென்ன, உன் புருஷன் நடக்கறாரு. என் புருஷன் கிடந்தா உனக்கு நல்லதுதானே? உன் வீட்டுல நடக்கிறவர், என் வீட்டுல கிடக்கிறவர்னு ஊரே பாக்கும்."

"அண்ணி," என்றான் நெட்டை. "பாத்துப் பேசுங்க."

"நீங்க பேசாதீங்க தம்பி. உங்களுக்கு உள்ள போட்டாச்சு."

வராந்தாவில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் தன் இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் சூப்பு வரவில்லை. மழை விட்டது. வெயில் ஏறி, சுவரின் ஈரம் வெள்ளைப் படலமாக உதிர்ந்தது. சீழ் நின்றது. பூனை கட்டை ஊன்றி நடக்கப் பழகினார். கம்பியும் அவரோடு நடந்தது. எந்தக் கால்சட்டையும் நுழையாமல், ஒரு பக்கம் தையலைப் பிரித்து நாடா வைத்துக் கட்டினாள் பெரியவள். நெட்டை மட்டும் எப்போதாவது வந்தான். அவன் வரும்போது முன்பைவிட அதிகமாகத் தாங்கித் தாங்கி நடந்தான். மறுபடியும் இரண்டு கட்டை.

"என்ன சகலை, பின்னால போயிட்ட?" என்று கேட்டார் பூனை.

"வலிண்ணே. உள்ள என்னமோ குத்துது," என்றான் நெட்டை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அதைக் கேட்டபோது பெரியவளின் நெஞ்சில் தித்திப்பாக ஏதோ ஒன்று இறங்கியது. உள்கம்பியும் இவ்வளவுதானா? அன்று குழம்பில் ஒரு துண்டு கறி அதிகமாகப் போட்டு அவனைச் சாப்பிட வைத்து அனுப்பினாள்.

ஒரு நாள் சலவைக்கூடத்தில் நீராவிக் கொதிகலன் பழுதாகி, மதியத்துக்கு முன்பே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவள் கதவைத் தள்ளியபோது பூனை கட்டிலில் உட்கார்ந்து, காலை முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். கையில் தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய்க் குப்பி. மூக்கு நீண்ட குப்பி. முதல் கிளாம்பின் நட்டின் மேல் ஒரு சொட்டு விட்டார். விரலால் சுற்றித் தேய்த்தார். அடுத்த கிளாம்புக்குப் போனார்.

பெரியவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"வந்துட்டியா? ஒண்ணுமில்ல, நட்டுக்கு எண்ணெய்."

"எண்ணெயா?"

"பின்ன? மழைக்கு கிளாம்பு இறுகிடும். சாரத்துல வாரத்துக்கு ஒரு தடவ நாங்க போடுவோம். இல்லாட்டிப் பிரிக்கும்போது நட்டு அசையாது, சுத்தியால தட்டணும். காலுல தட்டினா என்ன ஆகும்?"

"எப்பல இருந்து?"

"வீட்டுக்கு வந்ததுல இருந்துதான். முதல்ல அடிக்கடி போட்டேன். சீக்கிரம் கழட்டி உள்ள போடணும்னு நீ தவிச்சியே, அன்னைக்கு சட்டுனு கழண்டு வரணுமேன்னு. இப்போ வெயில், எப்பவாவதுதான்."

அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். கிளாம்பிலிருந்து எண்ணெய் ஆணியின் மேல் மெல்லிசாக வழிந்து, பளபளவென்று தோல் வரைக்கும் இறங்கியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். பிசுபிசுத்தது. விரலில் இரும்புத் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"டாக்டர் கேட்டப்ப இல்லன்னீங்களே?"

"புண்ணுல தடவினியான்னுதானே கேட்டாங்க? நான் புண்ணத் தொடவே இல்லையே. நட்டுக்குத்தான போட்டேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் எண்ணெய் வழிந்த பாதையில் மெதுவாக இறங்கி, தோலில் போய் நின்றது. குப்பியைக் கீழே வைத்தார். "ஐயையோ," என்றார் மெல்ல. "இது உள்ள எலும்பு வரைக்கும் போகுதுல்ல? சாரத்துல கீழ தரைதானே இருக்கும்..."

பெரியவள் அழவில்லை, திட்டவும் இல்லை. உப்புத்தண்ணீர் வைத்துத் துளைகளைத் துடைத்தாள். துணிகள் கறுத்தன.

"அவகிட்ட போய்ச் சொல்லிட்டு வா," என்றார் பூனை.

"நீங்க பண்ணினதுக்கு நான் ஏன் சொல்லணும்?"

"பண்ணினது நான். பழி போட்டது நீதானே?"

உச்சி வெயிலில் அவள் அடுத்த தெருவுக்கு நடந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். முதல் வாக்கியமே அமையவில்லை. தங்கை அழுவாள், தானும் அழ வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அதற்கும் தயாராகத்தான் போனாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே நெட்டை நடந்துகொண்டிருந்தான்.

கட்டை இல்லை. வெறுங்காலோடு, தோளில் ஈரப் போர்வையைப் போட்டுக்கொண்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்க் கொடியில் விரித்தான். எட்டிச் சுருக்கம் நீவினான். திரும்பி வந்தான். ஏதோ பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தான். அடிபட்ட காலை ஊன்றியே திரும்பினான்.

அடுப்படியிலிருந்து வந்த சின்னவள் வாசலைப் பார்த்தாள்.

"ஏங்க!" என்றாள் சத்தமாக. "அக்கா!"

நெட்டை ஒரு நொடியில் சுவரில் சாய்ந்தான். மூலையிலிருந்த கட்டையை எட்டி எடுத்துக் கக்கத்தில் செருகினான். முகத்தைச் சுளித்தான். "வாங்கண்ணி," என்று தாங்கித் தாங்கி ஓரடி வைத்தான். அந்த நொண்டலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. செய்து செய்து பழகிய நொண்டல்.

பெரியவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அந்த இரண்டு கட்டையும், "உள்ள குத்துது"ம், தரையைப் பார்த்த பார்வையும் எல்லாம் தனக்காக நடந்தவை.

"கட்டைய வெச்சிடுங்க தம்பி," என்றாள்.

நெட்டை மனைவியைப் பார்த்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் சின்னவள். குரல் தாழ்ந்திருந்தது. "அங்க போறப்ப நல்லா நடக்காதீங்கன்னு. உன் முகத்தைப் பாக்க முடியாதுக்கா. சின்ன வயசுல இருந்தே முடியாது."

பெரியவள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "எண்ணெய்டி," என்றாள் திடீரென்று. "அவர்தான் நட்டுக்கு எண்ணெய் விட்டிருக்காரு, முதல்ல இருந்தே. அதுதான் இறங்கியிருக்கு. நீ இல்ல."

சின்னவள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. இரண்டு கையையும் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சோப்பில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோலுரிந்திருந்தது.

"பாரு. மாவுல கை வெக்கிறதுக்கு முன்னாடி எத்தனை தடவ கழுவறேன் தெரியுமா? கடைக்காரம்மா திட்டறாங்க, பாவம், உனக்கு என்னடி வியாதின்னு கேக்கறாங்க. நான்தான் மாமா காலக் கெடுத்துட்டேன்னு நம்பினேன்கா. நீ சொன்னதுனால நம்பினேன். நீ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிட்ட, நான் ராவும் பகலும் கழுவிட்டே இருந்தேன்."

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியாம இல்ல. ஆசையோட சொன்ன. வராந்தாவுல உன் கண்ண நான் பாத்தேன்."

பெரியவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தங்கையின் கைகளைப் பிடிக்கப் போனாள். சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள்.

கொடியில் போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெட்டைதான் தொண்டையைச் செருமினான். "முட்டி மட்டும் வலிக்குது, அண்ணி, அது பொய்யில்ல. மண்டி போட முடியல. கம்பிய இறக்கின இடம்."

இப்போதும் அந்தத் தித்திப்பு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், கூச்சமே இல்லாமல் வந்தது. பெரியவள் அதைத் தெளிவாக உணர்ந்தாள். யாரோ அழைக்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. போ என்றால் போகாது என்றும் தெரிந்தது.

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒரு தடவ நடந்து காட்டுங்க."

"வேண்டாம் அண்ணி."

"கட்டை இல்லாம. நான் பாக்கணும்."

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நெட்டை கட்டையைச் சுவரில் சாய்த்தான். முதலில் தயங்கித் தயங்கி வைத்தான். நடு அறைக்கு வந்ததும் நடை தானாக நேரானது. உயரமான மனுஷன் வீசி நடக்கிற நடை. எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினான்.

பெரியவளின் வயிறு எரிந்தது. ஒவ்வொரு அடியும் தன் மேல் வைக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் கண்ணைத் திருப்பவில்லை, முகத்தை மறைக்கவும் இல்லை. அது எப்படி இருந்ததோ அப்படியே தங்கை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். சின்னவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷனின் காலையல்ல, அக்காவின் முகத்தை.

"போதுமா?" என்றாள் சின்னவள்.

"இல்ல," என்றாள் பெரியவள். "இன்னொரு தடவ நடக்கச் சொல்லு."